எரிபொருளா, மின்கலமா?

நுழையும் முன்

காகித விமானம் செய்து எறிந்து பார்க்காத சிறுவர் அரியர். எறிந்த கையின் விசை தீர்ந்ததும் அது தரைக்கு வந்துவிடும். தன் விசையைத் தானே சுமந்துகொண்டு பறக்கும் மாதிரி விமானத்தைச் செய்ய முனைவோர்முன் ஒரு வினா எழுகிறது. அந்த விசையை எதிலிருந்து பெறுவது? எரிபொருளில் இயங்கும் பொறியிலிருந்தா, மின்கலத்தால் இயங்கும் மோட்டாரிலிருந்தா? இவ்வினாவுக்கு விடை காணும் வழியைக் கூறுகிறது இப்பாடம்.

கடல் கடந்த மாதிரி விமானம்

2003ஆம் ஆண்டு ஆகஸ்டு 9ஆம் நாள் மாலை. கனடா நாட்டின் நியூபவுண்ட்லாந்துக் கடற்கரையிலிருந்து ஒரு சிறு விமானம் கிழக்கு நோக்கி ஏவப்பட்டது. இறக்கையின் நீளம் ஏறத்தாழ ஆறு அடி. எரிபொருளுடன் சேர்த்து அதன் எடை 5 கிலோவுக்கும் குறைவு. அதனுள் மனிதர் எவரும் இலர். செயற்கைக்கோள் வழிகாட்டலைப் பெற்றுத் திசையறியும் தானியங்கிக் கருவி ஒன்றே அதனைச் செலுத்தியது.

அதனை உருவாக்கிய குழுவின் தலைவர் மேனார்ட் ஹில் என்னும் அமெரிக்கப் பொறியாளர். அப்போது அவர் எழுபது வயதைக் கடந்திருந்தார், கண்பார்வையைப் பெரிதும் இழந்திருந்தார், செவித்திறனும் குறைந்திருந்தது. அதற்கு முந்தைய முயற்சிகள் தோல்வியிலேயே முடிந்திருந்தன. ஆயினும் அவர் முயற்சியைக் கைவிடவில்லை. ஏவப்பட்ட 38 மணி 52 நிமிடத்தில், ஏறத்தாழ 3,000 கிலோமீட்டர் தொலைவைக் கடந்து, அவ்விமானம் அயர்லாந்துக் கரையில் இறங்கியது. அட்லாண்டிக் பெருங்கடலைக் கடந்த முதல் மாதிரி விமானம் என்னும் பெருமையைப் பெற்றது.

அதில் பொருத்தப்பட்டிருந்தது ஒரு சிறிய எரிபொறி. புறப்பட்டபோது விமானத்தின் எடையில் ஏறத்தாழப் பாதி எரிபொருளாகவே இருந்தது. ஹில் மின்மோட்டாரை ஏன் தேர்ந்தெடுக்கவில்லை? இதற்கு விடை காண, பறத்தலுக்கும் எடைக்கும் உள்ள தொடர்பை அறிதல் வேண்டும்.

எடை என்னும் தடை

தரையில் ஓடும் வண்டியின் எடையைத் தரை தாங்கும். வானில் பறக்கும் ஊர்தியின் எடையை அதன் இறக்கைகளே தாங்க வேண்டும். எடை கூடினால் விமானம் விரைந்து பறந்தாக வேண்டும். விரைந்து பறக்க மிகுந்த ஆற்றல் வேண்டும். மிகுந்த ஆற்றலுக்கு இன்னும் எடை கூட வேண்டும். ஆகவே, ஆற்றல் எவ்வளவு என்பதைவிட, ஒரு கிலோ எடையில் எவ்வளவு ஆற்றல் அடங்கும் என்பதே வானூர்தி செய்வோரின் முதற்கேள்வி. ரைட் சகோதரர்களுக்கும் இதே இடர் நேர்ந்தது. போதிய அளவு இலேசான பொறி கடைகளில் கிடைக்காமையால், தம் பட்டறையிலேயே ஒன்றைச் செய்வித்து 1903இல் பறந்தனர்.

ஒரு கிலோ பெட்ரோலில் அடங்கியுள்ள ஆற்றல் ஏறத்தாழ 12 கிலோவாட்-மணி. மாதிரி விமானப் பொறிகளில் பயன்படும் மெத்தனாலில் அது ஐந்தரை கிலோவாட்-மணி அளவு. லித்தியம் மின்கலம் ஒரு கிலோவில் தேக்கி வைப்பதோ கால் கிலோவாட்-மணிக்கும் குறைவு. எரிபொறி தனக்குக் கிடைக்கும் ஆற்றலில் பெரும்பகுதியை வெப்பமாக வீணாக்குகிறது. மின்மோட்டாரோ நான்கில் மூன்று பங்குக்கு மேல் சுழற்சியாக மாற்றவல்லது. இந்த வேறுபாட்டைக் கழித்தபின்னும் நெடுந்தொலைவுப் பயணத்தில் எரிபொருளே முந்துகிறது.

மற்றொரு வேறுபாடும் உண்டு. எரிபொருள் எரிய எரிய விமானத்தின் எடை குறைந்துகொண்டே வரும். ஹில்லின் விமானம் அயர்லாந்தை அடைந்தபோது, புறப்பட்ட எடையில் ஏறத்தாழப் பாதியே இருந்தது. மின்கலம் அவ்வாறன்று. முழுமையாக மின்னேற்றப்பட்டபோது என்ன எடையோ, அதே எடையே மின்னாற்றல் தீர்ந்த பின்னும் இருக்கும். விமானம் அச்சுமையைக் கடைசி நொடிவரை தூக்கிச் செல்ல வேண்டும். பெருங்கடலைக் கடக்க விழைந்தவர் எரிபொறியைத் தேர்ந்ததன் காரணம் இதுவே.

எரிபொறி இயங்கும் முறை

மாதிரி விமானங்களில் நெடுங்காலமாகப் பயன்பட்டுவரும் சிறு பொறியைக் குளோ பொறி என்பர். மெத்தனால், உயவெண்ணெய், சிறிதளவு நைட்ரோமீத்தேன் ஆகியவற்றின் கலவை இதன் எரிபொருள். உயவெண்ணெயாகப் பலர் ஆமணக்கெண்ணெயைச் சேர்ப்பர். மிகுந்த சூட்டிலும் வழவழப்புக் குன்றாமை அதன் சிறப்பு. உலகிலேயே மிகுதியாக ஆமணக்கு விளையும் நாடு இந்தியா. அதிலும் குஜராத் மாநிலமே முதலிடம் பெறுகிறது.

பெட்ரோல் பொறியில் எரிபொருளைப் பற்றவைக்க ஒவ்வொரு முறையும் மின்பொறி தெறிக்க வேண்டும். குளோ பொறியில் அது தேவையில்லை. உருளையின் தலையில் பிளாட்டினம் கலந்த சிறு கம்பிச்சுருள் ஒன்று உள்ளது. தொடக்கத்தில் சிறு மின்கலத்தால் அதனைச் சூடாக்கிச் செந்நிறமாகக் கனலச் செய்வர். பொறி ஓடத் தொடங்கியதும் மின்கலத்தை அகற்றிவிடுவர். அதன்பின், பிளாட்டினத்தின்மீது மெத்தனால் ஆவி படும்போது நிகழும் வேதிவினையும் உருளையினுள் எழும் வெப்பமும் அச்சுருளை அணையாமல் காக்கின்றன. இத்தகைய குளோ பிளக்குகள் 1940களின் பிற்பகுதியில் விற்பனைக்கு வந்தன. மின்பொறி எழுப்பும் கருவிகளின் எடை நீங்கியதால் சிறு விமானங்கள் எளிதாகப் பறந்தன.

எரிபொறியின் சிறப்புகள் பல. கலத்தில் எரிபொருளை நிரப்பியதும் மீண்டும் பறக்கலாம், காத்திருக்க வேண்டியதில்லை. அதன் ஓசையே அதன் உடல்நிலையைக் கூறிவிடும். காற்றும் எரிபொருளும் கலக்கும் அளவைக் கார்புரேட்டரில் உள்ள சிறு ஊசித் திருகு கட்டுப்படுத்துகிறது. எரிபொருள் குறைந்தால் பொறி அளவுக்கு மீறிச் சூடாகி நின்றுவிடும். மிகுந்தால் புகை கக்கித் தளர்ந்து ஓடும். இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட நிலையைச் செவியால் உணர்ந்து திருகைத் திருப்பப் பழகியவர், பொறியியலின் அடிப்படைப் பாடம் ஒன்றைக் கைப்பழக்கமாகவே கற்றவர் ஆவார்.

அதன் தொல்லைகளும் பல. எரியாத எண்ணெய் புகையோடு வெளியேறி விமானம் முழுவதும் படியும். ஒவ்வொரு முறையும் துடைத்தாக வேண்டும். மெத்தனால் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். எனவே மும்பை, விசாகப்பட்டினம் போன்ற கடலோர நகரங்களில் கலத்தின் மூடியை இறுக மூடி வைத்தல் இன்றியமையாதது. நாளின் முடிவில் பொறியில் எஞ்சிய எரிபொருளை ஓடவிட்டுத் தீர்த்து, துருப்பிடிக்காதிருக்க எண்ணெய் இட வேண்டும். இவற்றைச் செய்ய மறந்தால் அடுத்த முறை பொறி இயங்க மறுக்கும்.

மின்மோட்டார் இயங்கும் முறை

மின்சாரத்தால் மாதிரி விமானத்தைப் பறக்கவிடும் எண்ணம் புதியதன்று. 1957ஆம் ஆண்டு ஜூன் 30ஆம் நாள், பிரிட்டனில் கர்னல் டாப்லின் என்பவர் வானொலிக் கட்டுப்பாட்டில் இயங்கும் மின்விமானம் ஒன்றைப் பறக்கவிட்டார். எனினும் அக்கால மின்கலங்களின் எடை மிகுதி. மோட்டார்களின் வலிமை குறைவு. எனவே பல ஆண்டுகள் எரிபொறியே மாதிரி விமானக் களங்களை ஆண்டது. இலேசான லித்தியம் பாலிமர் மின்கலமும், உராயும் தூரிகை இல்லாத மோட்டாரும் எளிதில் கிடைக்கத் தொடங்கிய பின்னரே நிலைமை மாறியது.

மின்விமானத்தின் அமைப்பு எளிது. மின்கல அடுக்கு, வேகக் கட்டுப்படுத்தி, மோட்டார், அதன் முனையில் விசிறி ஆகிய நான்கே அதன் உந்து உறுப்புகள். லித்தியம் பாலிமர் மின்கலம் ஒவ்வொன்றும் 3.7 வோல்ட் மின்னழுத்தம் உடையது. மூன்றைத் தொடராக இணைத்தால் 11.1 வோல்ட் கிடைக்கும். பறப்பவர் கையிலுள்ள கருவியின் கட்டளைக்கேற்ப வேகக் கட்டுப்படுத்தி மோட்டாருக்கு மின்னாற்றலைக் கூட்டியும் குறைத்தும் வழங்குகிறது.

இத்தகைய விமானம் எவ்வளவு நேரம் பறக்கும் என்பதைப் புறப்படும் முன்பே கணக்கிடலாம். 2200 மில்லிஆம்பியர்-மணி கொள்ளளவுள்ள மின்கல அடுக்கை எடுத்துக்கொள்வோம். அஃதாவது 2.2 ஆம்பியர்-மணி. மின்கலத்தை முற்றிலும் வற்றவிட்டால் அது கெட்டுவிடும். ஐந்தில் நான்கு பங்கை மட்டும் பயன்படுத்துவதே முறை. ஆகவே பயன்படுவது 1.76 ஆம்பியர்-மணி. பறக்கும்போது மோட்டார் சராசரியாக 15 ஆம்பியர் எடுத்துக்கொண்டால்,

1.76 ÷ 15 × 60 = ஏறத்தாழ 7 நிமிடம்.

இரு மடங்கு மின்கலத்தை வைத்தால் 14 நிமிடம் பறக்கலாமே எனத் தோன்றும். ஆனால் கூடிய எடையைத் தூக்க மோட்டார் கூடுதல் மின்னோட்டத்தை எடுத்துக்கொள்ளும். எனவே பறக்கும் நேரம் இரு மடங்காவதில்லை. எடை என்னும் தடை இங்கும் வந்து நிற்கிறது.

ஏழு நிமிடம் குறைவன்றோ என எண்ணுதல் கூடும். கற்கத் தொடங்குவோர்க்கு அது போதிய நேரமே. புறப்படுதல், வட்டமிடுதல், இறங்குதல் ஆகியவற்றில் முழுக் கவனம் செலுத்தினால் ஏழு நிமிடத்திற்குள் கண்ணும் கையும் களைத்துவிடும். புகையில்லை, எண்ணெய்ப் பிசுக்கில்லை, ஓசை குறைவு. விசையை நிறுத்தி வானில் சறுக்கிச் சென்று, வேண்டும்போது மீண்டும் இயக்கலாம்; எரிபொறி வானில் நின்றுவிட்டால் மீண்டும் இயக்குதல் அரிது. மறுபுறம், மின்கலத்தை மீண்டும் மின்னேற்றப் பெரும்பாலும் ஒரு மணி நேரம் ஆகும். தரமான மின்னேற்றிக்குத் தொடக்கத்திலேயே செலவிட வேண்டும். மின்கலமும் என்றென்றும் உழைப்பதன்று.

இடத்திற்கேற்ற தேர்வு

ஒரே விமானம் இந்தியாவின் எல்லா ஊர்களிலும் ஒன்றுபோல் பறப்பதில்லை. லே நகரம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 3,500 மீட்டர் உயரத்தில் உள்ளது. அங்குக் காற்றின் அடர்த்தி குறைவு. எரிவதற்கு வேண்டிய உயிர்வளி குறைவதால் எரிபொறியின் வலிமை தளரும். மின்மோட்டாருக்கு உயிர்வளி தேவையில்லை. ஆயினும் கடுங்குளிரில் மின்கலத்தின் திறன் குறையும் என்பதால் பறக்கும் நேரம் சுருங்கும். இராஜஸ்தானின் கோடையில் இடர் வேறு வகையானது. மூடிய மகிழுந்துக்குள் விட்டுச்சென்ற லித்தியம் மின்கலம் சூடேறி வீங்கிக் கெடக்கூடும்.

இதன் எல்லைவரை சென்ற எடுத்துக்காட்டு ஒன்று உண்டு. 2021ஆம் ஆண்டு ஏப்ரல் 19ஆம் நாள், 'இன்ஜெனூயிட்டி' என்னும் சிறு ஹெலிகாப்டர் செவ்வாய்க் கோளில் எழுந்து பறந்தது. வேறொரு கோளில் விசையின் துணையோடு கட்டுப்பாட்டுடன் நிகழ்ந்த முதற்பறத்தல் அது. அதன் எடை 1.8 கிலோ. அங்குள்ள வளிமண்டலத்தின் அடர்த்தி புவியில் உள்ளதில் ஏறத்தாழ நூற்றில் ஒரு பங்கே. அதிலும் பெரும்பகுதி கரியமில வாயு. எரிபொருளை எரிக்க உயிர்வளி இல்லாத இடத்தில் அட்லாண்டிக்கைக் கடந்த எரிபொறி ஒரு நொடிகூட ஓடாது. அங்குச் சூரிய ஒளியால் மின்னேற்றப்பட்ட லித்தியம் மின்கலமே பறக்கவைத்தது.

கடலைக் கடக்க எரிபொறி; செவ்வாயில் பறக்க மின்மோட்டார். இரண்டும் சிறந்த தேர்வுகளே. இரண்டையும் இடம் மாற்றினால் இரண்டும் தோற்கும்.

கைக்கும் கண்ணுக்கும் காப்பு

எரிபொறியாயினும் மின்மோட்டாராயினும் சுழலும் விசிறி கத்தியை ஒத்தது. அதன் நேர்முன்னும் பக்கவாட்டிலும் எவரும் நிற்கலாகாது. எரிபொறி தான் ஓடுவதை ஓசையால் அறிவிக்கும். மின்மோட்டாரோ ஓசையின்றிக் காத்திருக்கும். மின்கலத்தை இணைத்துவிட்டால், கைதவறிக் கட்டுப்பாட்டுக் குமிழ் நகர்ந்தாலும் அது சட்டெனச் சுழலும். ஆகவே விசிறி பொருத்திய மோட்டாருடன் மேசைமீது மின்கலத்தை இணைத்துச் சோதித்தல் தவறு. விசிறியைக் கழற்றிய பின்னரே சோதிக்க வேண்டும்.

மெத்தனால் கொடிய நஞ்சு. சிறிதளவு உட்சென்றாலும் பார்வை பறிபோகும். உயிருக்கும் கேடு நேரும். அது எரியும் தீ பகல் வெளிச்சத்தில் கண்ணுக்குப் புலப்படாத அளவு மங்கியது. குடிநீர்ப் புட்டியில் அதனை ஊற்றி வைத்தல் ஒருபோதும் கூடாது. லித்தியம் மின்கலமும் தீப்பிடிக்கக்கூடியது. எளிதில் தீப்பற்றாத தரையில் வைத்து, பெரியவர் கண்காணிப்பில் மின்னேற்ற வேண்டும். வீங்கிய மின்கலத்தை மீண்டும் பயன்படுத்தலாகாது. விடுமுறைக்கு ஊர் செல்லும்போது தொடர்வண்டியில் எரிபொருளை எடுத்துச்செல்லுதல் சட்டப்படி குற்றம்.

பறக்கவிடும் இடமும் விதிக்கு உட்பட்டது. இந்தியாவின் 2021ஆம் ஆண்டு டிரோன் விதிகள், 25 கிலோவுக்கு மேற்படாத மாதிரி விமானங்களைக் கண்ணுக்கு எட்டும் தொலைவில் இயக்குவனவாகவே வரையறுக்கின்றன. தேசிய மாணவர் படையின் வான்பிரிவில் மாதிரி விமானப் பயிற்சி ஒரு பகுதி. அத்தகைய பயிற்றுநர் ஒருவரின் துணையோடு தொடங்குவதே நலம்.

எப்படித் தேர்வது?

ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி தன் முதல் மாதிரி விமானத்தைச் செய்ய விழைகிறாள் எனக் கொள்வோம். அவள் பெற்றோருடன் வாழ்வது அரசுக் குடியிருப்பில், மூன்றாம் மாடியில். அருகிலுள்ள திடலை ஒட்டி ஒரு மருத்துவமனை உள்ளது. பொறியைச் சீர்செய்யத் தெரிந்தவர் அண்டையில் இல்லை. பெரிய விமானங்களின் இடிமுழக்கம் போன்ற ஓசையைக் கேட்டு அவள் மனம் எரிபொறியையே நாடுகிறது.

அவள் தன்னைத்தானே வினவ வேண்டியவை ஐந்து. எவ்வளவு நேரம் பறக்க வேண்டும்? எங்கே பறக்கவிடுவது? பழுது நேர்ந்தால் யார் சீர்செய்வார்? எரிபொருளையோ மின்கலத்தையோ வீட்டில் எங்கே காப்பாக வைப்பது? தொடக்கச் செலவோடு ஒவ்வொரு மாதச் செலவும் கைக்கு அடங்குமா? இவற்றுக்கு உண்மையான விடைகளை எழுதிப் பார்த்தால், நோயாளர் உறங்கும் இடத்தருகே ஓசை கூடாது என்பதும், மாடி வீட்டில் மெத்தனாலை வைக்கத் தக்க இடமில்லை என்பதும் அவளுக்கே விளங்கும். நுரைப்பலகையால் ஆன உடலும் சிறு மின்மோட்டாரும் அவளுக்கு ஏற்றவை. முதற்பறத்தலில் விழுந்து உடைந்தாலும் பசையிட்டு ஒட்டி மறுநாளே பறக்கவிடலாம்.

ஈராண்டுகள் கழித்து, ஊருக்கு வெளியே திடலும் வழிகாட்டும் மூத்தோரும் அவளுக்குக் கிடைக்கலாம். பொறி எவ்வாறு இயங்குகிறது என்பதைக் கையால் உணரும் ஆர்வமும் மிகலாம். அன்று அதே ஐந்து வினாக்கள் அவளை எரிபொறியிடம் அழைத்துச்செல்லும். வினாக்கள் மாறவில்லை, விடைகள் மாறின.

எது சிறந்தது என்று கேட்போர் பிறர் கருத்தையே பெறுவர். எதற்காக, எங்கே, யாருக்கு என்று கேட்போர் தம் விடையைத் தாமே காண்பர். ஹில்லும் பெரிய பொறியைத் தேடவில்லை. தம் பயணத்திற்கு எது தேவை, அதன் எடை எவ்வளவு என்பதையே அளந்து பார்த்தார். கண்ணொளி மங்கிய பின்னும் அந்த அளவு அவருக்குத் தெளிவாகத் தெரிந்திருந்தது.

தெரிந்து தெளிவோம்

'வலவன்' என்னும் பழந்தமிழ்ச் சொல்லுக்குத் தேர் முதலியவற்றைச் செலுத்துபவன் என்பது பொருள். செலுத்துபவன் இல்லாமலே செல்லும் வானூர்தி ஒன்றைப் புறநானூற்றின் 27ஆம் பாடலில் உறையூர் முதுகண்ணன் சாத்தனார் குறிப்பிடுகிறார். நற்செயல் புரிந்தோர் அதில் ஏறி விண்ணுலகு செல்வர் என்பது புலவரின் கருத்து. அது கற்பனையே, எனினும் ஓட்டுநர் இல்லாமல் இன்று பறக்கும் விமானத்தைக் குறிக்கத் தமிழில் முன்பே ஒரு சொற்றொடர் இருந்திருக்கிறது.

சொல்லும் பொருளும்

பொறி – இயந்திரம், தீப்பொறி, ஐம்புலன்களின் வாயில்
உயவெண்ணெய் – உராய்வைக் குறைக்க இடும் எண்ணெய்
உயிர்வளி – ஆக்சிஜன்
கனலுதல் – தீச்சுடரின்றிச் சிவந்து எரிதல்
இன்றியமையாதது – இல்லாமல் முடியாதது
விழைதல் – விரும்புதல்

பயிற்சி

அ. ஓரிரு தொடர்களில் விடை எழுதுக.
1. அட்லாண்டிக்கைக் கடந்த மாதிரி விமானத்தின் எடை பயணத்தின்போது குறைந்தது ஏன்?
2. குளோ பொறியில் பிளாட்டினம் கம்பிச்சுருளின் பணி யாது?
3. செவ்வாய்க் கோளில் எரிபொறி ஏன் இயங்காது?

ஆ. கணக்கிடுக.
3000 மில்லிஆம்பியர்-மணி மின்கல அடுக்கில் ஐந்தில் நான்கு பங்கு மட்டும் பயன்படுத்தப்படுகிறது. மோட்டார் சராசரியாக 12 ஆம்பியர் எடுத்துக்கொண்டால் விமானம் எத்தனை நிமிடம் பறக்கும்?

இ. 'பொறி' என்னும் சொல்லை மூன்று பொருள்களில் அமைத்து மூன்று தொடர்கள் எழுதுக.

ஈ. சிந்தித்து எழுதுக.
நீவிர் வாழும் ஊரின் தட்பவெப்பம், திடல், அண்டை வீடுகள் ஆகியவற்றைக் கருத்தில் கொண்டு, பாடத்திலுள்ள ஐந்து வினாக்களுக்கும் விடை எழுதுக. உம் விமானத்திற்கு ஏற்றது எரிபொறியா, மின்மோட்டாரா எனக் காரணம் காட்டி நிறுவுக.

உ. வீட்டில் கேட்டறிக.
உம் சொந்த ஊரில் பம்புசெட்டு, நெல் அரைவை, படகு போன்றவை முன்பு எந்த ஆற்றலால் இயங்கின, இன்று எதனால் இயங்குகின்றன என்பதைப் பெற்றோரிடமோ தாத்தா பாட்டியிடமோ கேட்டுப் பத்து வரிகளில் எழுதுக. அவ்வுறுப்புகளுக்கு அவர்கள் வழங்கும் சொற்களையும் தனியே குறித்து வருக.